வேலியில் வெட்டியது பைன் அல்ல

கேள்வி:

மதிப்புக்குரிய மருந்தாளர் அவர்களுக்கு,

எனக்கு 61 வயது. ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் இருக்கிறோம். என் கணவருக்குக் கார்த்திகையில் தொடங்கிய வறட்டு இருமல், தை பிறந்தும் விடவில்லை. காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு என்று எல்லாம் அவித்துக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கொரிய அம்மா, தங்கள் ஊரில் பைன் ஊசியிலையில் தேநீர் போடுவார்கள், நெஞ்சுக்கு நல்லது என்றார். நானும் இரண்டு இடத்தில் வெட்டி வந்தேன். ஒன்று பக்கத்துப் பூங்காவில் நிற்கும் பெரிய மரம். மற்றது எங்கள் வீட்டு முன்வேலி. அதுவும் ஊசியிலைதான், பனியிலும் பச்சையாக நிற்கும். இரண்டையும் கழுவிக் காயவைத்து, வெவ்வேறு போத்தலில் போட்டிருக்கிறேன். பூங்கா இலையில் மட்டும் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். லேசான புளிப்பு, நல்ல வாசம்.

இதை அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? நாலு மாதக் கர்ப்பிணியான மகளுக்கும் தடிமன், அவளுக்குக் கொடுக்கலாமா? தேனில் ஊறவைத்து, மகன் வீட்டு எட்டு மாதப் பேரனுக்கு நாக்கில் தடவலாமா? கடையில் விற்கிற பைன் எண்ணெயில் இரண்டு துளி சேர்த்தால் கூடுதல் பலன் என்கிறார்களே? என் கணவர் புரட்டாதியிலிருந்து பிரஷருக்கு ரமிப்ரில் என்ற குளிசை எடுக்கிறார். வேறு வருத்தம் இல்லை. இரண்டு இலையிலும் கொஞ்சம் வைத்து அனுப்புகிறேன்.

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் கடித உறையைப் பிரித்து இரண்டாவது பொட்டலத்தைப் பார்த்ததுமே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். வேலி இலை இருக்கும் போத்தலை அப்படியே கட்டிக் குப்பையில் போடுங்கள், ஒருவரும் அதில் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்றேன். அன்றைக்கு உங்கள் குரல் நடுங்கியது. நான் சொன்னதில் பாதி காதில் ஏறியிருக்காது. ஆகவே இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். இதே வேலி வேறு எத்தனையோ தமிழ் வீடுகளின் முன்னாலும் நிற்கிறது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாவரவியல் படித்த நண்பர் ஒருவருக்கும் காட்டினேன்.

பூங்கா இலை ஒரு விரல் நீளம், நூல்போல மெல்லியது, நீலம் கலந்த பச்சை. ஒரு ஊசியைப் பிடித்து இழுத்தால் தனியே வராது. அடியில் ஒன்றாகக் கட்டிவைத்ததுபோல ஐந்து ஊசிகள் சேர்ந்து வரும். நகத்தால் கீறினால் எலுமிச்சைத் தோலும் பிசினும் கலந்த வாசம். இது வெண்பைன். ஒன்ராறியோ மாகாணத்தின் மரம் என்று 1984இல் அறிவித்தது இதைத்தான். நீங்கள் குடித்துப் பார்த்தது இந்த இலையை. அதனால் உங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

வேலி இலை வேறு சாதி. ஒவ்வொரு இலையும் கொப்பிலிருந்து தனித்தனியே கிளம்புகிறது, கட்டாக இல்லை. ஓர் அங்குலம்கூட வராது. ஊசி என்று சொல்கிறோமே தவிர அது தட்டையானது. விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளாது. மேல்பக்கம் கரும்பச்சை, திருப்பினால் வெளிறிய மஞ்சள் பச்சை. குத்தாது, தொட்டால் மெத்தென்றிருக்கிறது. நுனிக்கொப்பின் தண்டும் பச்சைதான். கசக்கி முகர்ந்தால் பிசின் வாசமே இல்லை, புல்லை முறித்தால் வருமே, அவ்வளவுதான். இது யூ மரம். குளிர் நாட்டு வீட்டு முற்றங்களில் வேலிக்கும் அழகுக்கும் நடுகிற செடிகளில் இதைவிட நஞ்சு கூடியது அரிது.

யூ மரத்தின் இலை, பட்டை, விதை எல்லாவற்றிலும் டாக்சின் (taxine) என்ற நஞ்சு இருக்கிறது. சிவந்த பழத்தின் சதை ஒன்றுதான் விதிவிலக்கு. அந்தச் சதைக்குள் இருக்கும் விதையும் நஞ்சே. இதயத் தசையின் கலங்களுக்குள் சோடியமும் கல்சியமும் போய்வரும் வாசல்கள் உண்டு. டாக்சின் அவற்றை அடைக்கும். துடிப்பு தாளம் தவறும், மெதுவாகும், நின்றும் போகலாம். வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 50 கிராம் இலையே உயிராபத்தான அளவு. தொடக்கத்தில் தலைச்சுற்றும் வாந்தியும் வயிற்று வலியும் வரலாம், எந்த அறிகுறியும் இல்லாமல் நேராக மயங்கி விழவும் கூடும். காயவைத்தால் நஞ்சு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீரில்தான் இறங்கும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வைத்தியசாலையில் இதயத்தைத் தாங்கிப் பிடித்து நஞ்சு கழியும்வரை காத்திருப்பார்கள்.

இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு இலையைக் குடித்துவிட்டிருந்தால், ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கனடாவின் நஞ்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற இலவச இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் நேரே 911. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையில் ஒரு கொப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

தொலைபேசியில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: "யூ மரத்திலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேனே, அப்படியென்றால் நல்ல மரம்தானே?" எடுக்கிறார்கள், உண்மை. பசிபிக் கரை யூ மரத்தின் பட்டையில் கண்டுபிடித்த பக்லிடாக்செல் 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இன்றைக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அது டாக்சினிலிருந்து வேறான பொருள். பிரித்தெடுத்து, தூய்மையாக்கி, மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்த நாளம் வழியே ஏற்றுவது. இலையை அவித்த தண்ணீரில் இருப்பது நஞ்சுதான்.

இந்த இடத்தில் நம்முடைய வைத்தியத்தையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தாளிசாதி சூரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுப்பது. சென்னைக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் ஒரு டப்பாவாவது வைத்துக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் கொடுத்த தாளிசபத்திரி, இமயமலையில் வளரும் ஓர் ஊசியிலை மரத்தின் இலை. தேவதாருவுக்குத் தூரத்து உறவான ஃபர் மரம் அது. ஆனால் வட இந்தியாவின் சில பகுதிகளில் இமயமலை யூ மரத்தின் இலையும் இதே தாளிசபத்திரி என்ற பெயரில் விற்பனையாகி வந்திருக்கிறது. தெற்கே வந்தால் ஊசியிலைக்கே சம்பந்தமில்லாத வேறொரு சிறுமரத்தின் இலையையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். ஒரு பெயர், மூன்று மரம். காய்ந்து நொறுங்கிப் பொட்டலத்துக்குள் போய்விட்டால் வைத்தியரே தடுமாறுவார். உங்களுக்கு நேர்ந்தது நூற்றாண்டுகளாக நடந்துவருகிற தவறுதான். அதனால்தான் நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது வேறு, ஒன்றாக இருப்பது வேறு என்பது நம் ஊரிலேயே இருக்கிறது. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிற்கிற சவுக்கைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பைன்தான், ஆனால் அது ஊசியிலை மரக் குடும்பமே அல்ல. அதில் ஊசிபோலத் தெரிவது மெல்லிய தண்டு. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானை மலையில் நட்டிருப்பது உண்மையான பைன், ஆனால் கரிபியன் தீவுப் பக்கத்து இனம். இங்கே பூங்காவில் நிற்பது அதுவும் அல்ல. ஊரில் பார்த்த மரத்தை வைத்து இந்த நாட்டு மரத்தை நிதானிக்க முடியாது.

ரொறன்ரோப் பக்கத்தில் ஒருவர் கண்ணில் படக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஐந்து ஊசி ஒரு கட்டாக, மெலிதாக இருந்தால் வெண்பைன். இரண்டு ஊசி ஒரு கட்டாக இருந்தால் வேறு பைன். பெருந்தெரு ஓரங்களில் நிற்கும் தடித்த கரும்பச்சை ஒஸ்ரியப் பைன் அப்படித்தான். ஒவ்வொன்றாக முளைத்து, விரலில் உருளுகிற நாலு பட்டை ஊசி ஸ்ப்ரூஸ். தட்டையாக இருந்து, திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஃபர் அல்லது ஹெம்லொக். தட்டை, வெள்ளைக் கோடு இல்லை, வாசமில்லை என்றால் யூ என்றே எடுத்துக்கொண்டு கையைக் கழுவுங்கள். இன்னொன்று, எல்லோரும் சீடர் என்று சொல்கிற வேலி. அதில் ஊசியே இல்லை, செதிள் செதிளாகத் தட்டி ஒட்டினதுபோல இலை. அதில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் வலிப்பு வரும். இந்த மண்ணின் மக்கள் அந்த மரத்தை முறையறிந்து கையாளுகிறார்கள். நாம் வீட்டில் அவித்துப் பார்க்கத் தக்கது அல்ல.

ஐந்து என்ற கணக்கை மறக்காமலிருக்க அந்த மக்களிடமே ஒரு வழி இருக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனக்கா என்ற ஐந்து இனங்கள் போரை விட்டு ஒன்றாகச் சேர்ந்தபோது, வெண்பைனைத்தான் தங்கள் சமாதான மரமாகக் கொண்டன. ஒரு கட்டிலுள்ள ஐந்து ஊசியும் அந்த ஐந்து இனங்கள் என்பார்கள். எனக்கு இது தெரிந்த பிறகு வெண்பைனை நான் ஒருநாளும் மாறிப் பார்த்ததில்லை.

பைன் ஊசியில் மருந்துக் குணமே இல்லையா என்று கேட்டால், உயிர் காத்த கதை ஒன்று உண்டு. இந்த நாட்டிலேயே நடந்தது. 1535ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஜாக் கார்ட்டியேயின் மூன்று கப்பல்களும் இன்றைய கியூபெக் நகரத்துப் பக்கம் ஆற்றுப் பனியில் இறுகிவிட்டன. ஏறத்தாழ 110 பேர். முரசு வீங்கி, பல் ஆடி, கால் கறுத்து 25 பேர் இறந்துபோனார்கள். ஸ்கேவி, உயிர்ச்சத்து சி இல்லாமல் வருகிற நோய். டொமகாயா என்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் அதே நோயிலிருந்து எழும்பி நடப்பதைக் கண்டு கார்ட்டியே விசாரித்தார். அனெடா என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடித்தால் குணமாகும் என்று டொமகாயாதான் சொல்லித்தந்தார். ஒரு பெரிய மரத்தையே சில நாட்களில் உரித்துக் குடித்து, மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள். அந்த மரம் எது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஃபர், சீடர், வெண்பைன் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. உயிர் காத்த டொமகாயாவையும் அவருடைய தகப்பன் டொன்னகோனாவையும் மறுவருடம் கார்ட்டியே பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஊர் திரும்பவே இல்லை. இந்தத் தேநீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அந்தக் கப்பல்காரர்களுக்குத் தேவைப்பட்டது உயிர்ச்சத்து சி. உங்கள் வீட்டில் அதற்குக் குறைவில்லை. ஒரு தோடம்பழத்தில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் கிடைக்கும். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 75, ஆணுக்கு 90. தமிழ்க் கடையில் வாங்கும் கொய்யாவும் உறைந்த நெல்லிக்காயும் அதைவிடக் கூடுதலாகத் தரும். பைன் தேநீரில் எவ்வளவு இருக்கும் என்பது மரத்தையும் பருவத்தையும் சூட்டையும் பொறுத்தது, காய்ந்த இலையில் குறைந்துபோகும். வாசத்துக்கும் சூட்டுக்கும் குடிக்கலாம், தொண்டைக்கு இதமாக இருக்கும். இருமலைக் குணமாக்கும் என்று நம்பிக் குடிக்க ஆதாரம் இல்லை.

பைன் தேநீர் என்றாலே உங்கள் கைத்தொலைபேசிக்கு இன்னும் இரண்டு கதை வந்திருக்கும். ஒன்று, பைன் ஊசியில் சுராமின் இருக்கிறது, அது தடுப்பூசியின் 'நஞ்சை' முறிக்கும் என்பது. 2021இல் வேகமாகப் பரவியது. சுராமின் மரத்தில் இருக்கிற பொருளே அல்ல. நூறு வருடத்துக்கு முன்னர் ஜெர்மனியில் ஆய்வுகூடத்தில் செய்து, ஆபிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுத்த மருந்து. மற்றது, பைன் ஊசியில் ஷிகிமிக் அமிலம் இருக்கிறது, சளிக்காய்ச்சல் மருந்து டாமிஃப்லூவை அதிலிருந்துதான் செய்கிறார்கள் என்பது. இதில் பாதி உண்மை. ஷிகிமிக் அமிலம் பைனிலும் உண்டு, பிரியாணிக்குப் போடுகிற அன்னாசிப்பூவிலும் உண்டு. மருந்துக் கம்பனி எடுப்பது பெரும்பாலும் அன்னாசிப்பூவிலிருந்து. ஆனால் பல படிகள் கடந்து மாற்றிய பிறகுதான் அது மருந்து. அமிலமாகவே குடித்தால் வைரசுக்கு ஒன்றும் செய்யாது. அப்படிச் செய்யுமென்றால் பிரியாணி சாப்பிடுகிற ஒருவருக்கும் காய்ச்சல் வரக்கூடாதே.

இனி ஐயாவின் இருமல். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இலை, இரண்டாவது பட்டது ஒரு குளிசையின் பெயர். புரட்டாதியில் ரமிப்ரில், கார்த்திகையில் இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் தும்பு பட்டதுபோல் ஊர்ந்து ஊர்ந்து வருகிற வறட்டு இருமல். பார்மசி மேசைக்குப் பின்னால் இருபது வருடமாக நிற்கிறேன். இந்த இருமலை நான் குரலிலேயே அறிவேன். இருமல் மருந்து ஒரு போத்தல், பிறகு இன்னொரு போத்தல் என்று வாங்கிக்கொண்டே இருப்பார்கள், பிரஷர் குளிசை என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. ரமிப்ரில், பெரின்டோப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்' என்று முடிகிற குளிசைகள், பிரஷரை ஏற்றுகிற ஒரு நொதியைத் தடுக்கின்றன. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகினின் என்ற பொருளை உடைத்துத் துப்புரவாக்குவது. நொதியைத் தடுத்தால் பிராடிகினின் சுவாசக் குழாயில் சேரும், அங்கே கூச்சம் எழும், இருமல் வரும். எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும். தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழிந்தும் வரலாம். அதனால்தான் ஒருவரும் குளிசையைச் சந்தேகிப்பதில்லை. இரவில் படுத்தால் கூடும். கொத்தமல்லி, பைன், சிரப் எதற்கும் அடங்காது, ஏனென்றால் காலையில் நீங்களே தண்ணீரோடு கொடுக்கிற குளிசைதான் அதைத் தூண்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் கணவருக்கும் அதுதான் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிந்தாமல் குடும்ப வைத்தியரிடம் போய், "ரமிப்ரில் தொடங்கிய பிறகுதான் இந்த இருமல்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். அவர் லோசார்டன், கண்டிசார்டன் போன்ற வேறு வகைக் குளிசைக்கு மாற்றுவார். அவற்றில் இந்த இருமல் வருவது மிகக் குறைவு. மாற்றிய பிறகும் இருமல் மறைய ஒன்று முதல் நாலு கிழமை பிடிக்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை. அவசரப்பட்டு நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறினால் சத்தம் போடாமலே ஏறும். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் அதுவும் இதே குளிசையால் வரக்கூடியது, உடனே 911.

குளிசை காரணமில்லை என்றால் வேறு விசாரிக்க இருக்கிறது. எட்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுப்பது வழக்கம். ஆஸ்த்மா, நெஞ்செரிவு, மூக்கிலிருந்து தொண்டைக்கு வடிவது என்று பல காரணம். மெலிவு, இரவு வியர்வை, சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காசநோயை நினைக்க வேண்டும். நம் ஊர்களில் சிறுவயதில் தொற்றி உறங்கிக் கிடந்தது, வயதான பிறகு கனடாவில் விழிப்பதைப் பார்த்திருக்கிறோம். வெட்கப்பட்டு மறைக்கிற வருத்தம் அல்ல அது. குணமாக்கலாம்.

இன்னுமொன்று: மூக்கடைப்புக்கு வாங்குகிற தடிமன் குளிசைகளில் பலது பிரஷரை ஏற்றும். அவருக்கு எதை வாங்கினாலும் முதலில் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

மகளுக்கு எந்தப் பைன் தேநீரும் வேண்டாம், வெண்பைனும் வேண்டாம். மேற்குக் கரைப் பக்கம் பொண்டரோசா பைன் ஊசியைத் தின்ற மாடுகள் கன்றைக் குறைமாதத்தில் போட்டுவிடுவது கால்நடை வைத்தியர்கள் நன்கு அறிந்த சங்கதி. ஐசோகுப்ரெசிக் அமிலம் என்ற பொருளால் அது நடக்கிறது. லொட்ஜ்போல் பைனிலும் ஜூனிப்பர் செடியிலும்கூட அது இருக்கிறது. மாட்டுக்கு நடந்தது பெண்ணுக்கும் நடக்கும் என்று நிரூபித்தவர் இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு சோதித்துப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவட்டும், வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவி போதும், உங்கள் கொத்தமல்லித் தண்ணீர் சமையல் அளவில் குடிக்கலாம். காய்ச்சல் வந்தால் அசெட்டமினோபெனை (பரசிட்டமோல்) அவளுடைய வைத்தியரிடம் கேட்டு எடுக்கலாம்.

பேரனுக்குப் பைனும் இல்லை, தேனும் இல்லை. ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளிகூட நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பக்டீரியாவின் வித்து, பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். பிள்ளை துவண்டுபோகும், உறிஞ்சிக் குடிக்கவும் மூச்செடுக்கவும் சக்தியில்லாமல் போகும். சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொல்லும்போது பல அம்மம்மாக்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். மூக்கடைத்தால் உப்புநீர்த் துளி இரண்டு விட்டு, உறிஞ்சு குமிழால் சளியை எடுங்கள். ஆறு வயதுவரை தடிமன் மருந்து கொடுக்க வேண்டாம் என்பது ஹெல்த் கனடாவின் அறிவுறுத்தல். விக்ஸ் போன்றவற்றை இரண்டு வயதுக்குள் பூசாதீர்கள். ஆவி பிடிக்கவும் வேண்டாம்; கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை வைத்தியசாலைகள் ஒவ்வொரு பனிக்காலமும் பார்க்கின்றன.

கடையில் விற்கிற பைன் எண்ணெயை ஒருவரும் விழுங்கக் கூடாது. இரண்டு துளியும் கூடாது. ஒரு வாளி இலையின் சாரம் அந்தச் சிறு போத்தலுக்குள் இருக்கிறது. டர்பன்டைனுக்கு நெருங்கிய உறவு. புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் அங்கே எரிந்து நியுமோனியா வரும். பேரன் தவழுகிற வீட்டில் அந்தப் போத்தலை வாங்கி வைக்காமலிருப்பதே நல்லது.

நீங்கள் உங்களுக்காக, ஆசைக்கு ஒரு கோப்பை வெண்பைன் தேநீர் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆஸ்த்மாவோ பைன் பிசினுக்கு ஒவ்வாமையோ இல்லாதிருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நிறைய நறுக்கிய பச்சை ஊசி, நன்றாகக் கழுவி, அடியிலுள்ள மண்ணிற நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். சுண்டக் காய்ச்ச வேண்டாம். குடிநீர் காய்ச்சுகிற பழக்கத்தில் எட்டுக்கு ஒன்றாக வற்ற வைத்தால் பிசின்தான் இறங்கும், வயிற்றைப் பிரட்டும். முதல் நாள் அரைக் கோப்பை. பிறகும் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வைகாசிப் பக்கம் வருகிற இளம்பச்சைத் துளிர் இன்னும் மென்மையாக இருக்கும், அதுவரை பொறுத்தாலும் நல்லது.

எங்கே பறிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நகரப் பூங்காவிலும் ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவிலும் மரஞ்செடியை ஒடிக்க அனுமதியில்லை, அக்கா. நீங்கள் அறியாமல் செய்துவிட்டீர்கள், இனி வேண்டாம். தெரிந்தவர் காணியில் வெண்பைன் நின்றால் கேட்டு, ஒரு கொப்பிலிருந்து ஒரு பிடி மட்டும் எடுங்கள். பெருந்தெரு ஓர மரத்தில் வீதி உப்பும் புகையும் படிந்திருக்கும். நத்தார் முடிந்து வாசலில் போட்டிருக்கிற மரம் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். நிறமும் பூச்சி மருந்தும் தெளித்திருக்கலாம், பெரும்பாலும் அது பைனாகவும் இருக்காது. கொரிய அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் சொன்ன வழக்கம் பொய்யல்ல, கொரியாவில் பைன் ஊசித் தேநீர் உண்மையிலேயே பழையது. ஆனால் அவர்கள் குடிப்பது அவர்கள் ஊர்ச் செம்பைன், கட்டுக்கு இரண்டு ஊசி. அவருக்கும் இங்கே மரம் புதிது.

கடைசியாக அந்த வேலி. வெட்டி எறியுங்கள் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ வீட்டில் நிற்கிறது, தொட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் பேரனுக்கு இப்போது எட்டு மாதம். புரட்டாதி வரும்போது தத்தித் தத்தி நடப்பான். அந்த மாதத்தில்தான் யூ மரத்தில் குன்றிமணி நிறத்தில் பழம் தொங்கும், அவன் கை எட்டுகிற உயரத்தில். ஆகவே பனி கரைந்ததும் மகனைக் கூப்பிட்டு, படியோரம் நிற்கிற இரண்டு பற்றையையாவது வேரோடு கிளப்பச் சொல்லுங்கள். வெட்டிய கொப்பை முற்றத்தில் காயவிடாமல் அன்றே பைக்குள் கட்டிவிட வேண்டும். அந்த இடத்தில் ரோசாவோ செவ்வந்தியோ நடலாம்.

அன்புடன்,
உங்கள் மருந்தாளர்